முதுகுவலிக்கு எதுக்கு மனநல டாக்டர்?

அக்கம்பக்கத்தில் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். தன் கையால் திறந்து பார்க்காத எதையும் நம்பமாட்டார். நான்கு வருடத்துக்கு முன்னால் மோட்டார் ஒன்றை இறக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு ஆபரேஷன் ஆகியும் வலி இடுப்பிலும் இடது காலிலும் குடித்தனம் நடத்தியது.

புதிதாக ஒரு வழி இருப்பதாக முதுகுத்தண்டு டாக்டர் சொன்னார். தண்டுவடத்தின் பக்கத்தில் மெல்லிய கம்பிகள், தோலுக்கடியில் சின்ன பேட்டரி. அதிலிருந்து போகும் மின்சாரம் வலியைக் கொஞ்சம் மழுங்கடிக்கும். ஆனால் அதற்கு முன்னால் மனநல டாக்டரைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

"அப்போ வலி என் மண்டையிலதான் இருக்குன்றீங்களா?"

எல்லோருக்கும் இதே முறைதான் என்றார் டாக்டர். லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவருக்குச் சுருக்கென்றது. இரண்டு பேரும் முன்பே பேசி வைத்துக்கொண்டார்களா? மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய போனை எடுத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை பேசியிருந்தாள். மனதில் குறித்து வைத்துக்கொண்டார்.

மனநல டாக்டர் ஒரு பெண். ஒரு படிவத்தை நீட்டினார். தூக்கம் கெடுகிறதா, அழுகை வருகிறதா, எரிச்சல் வருகிறதா என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. பைத்தியம் என்று முத்திரை குத்தப் பார்க்கிறார்கள், மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டார்.

டாக்டர் மெதுவாகப் படித்தார். "நாலு வருஷமா வலி. ஒரு நாள்கூட எரிச்சல் வரலையா சார்? காலையில பஸ் லேட்டானதுக்கே எனக்கு வந்துச்சு."

கம்பி வைக்கலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி என்னைப் பத்தி என்ன சொன்ன?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "மாடிக்கு லிஃப்ட் ஓடுதான்னு கேட்டேன். அன்னைக்கு ரிப்பேர்னாங்க. மறுபடி கேட்டேன்."

அவருக்குச் சிரிப்பு முட்டியது, ஆனால் அவள் சிரிக்கவில்லை. "பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழறீங்களே, எனக்குத் தண்ணிச் சத்தம் மட்டும்தான் கேக்கும்னு நெனச்சீங்களா? நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருக்கணும்."

அடுத்த வாரம் புதுப் படிவம் வாங்கி உள்ளதை உள்ளபடி எழுதினார். இது மனச்சோர்வு என்றார் டாக்டர். வலி நிஜம், சோர்வும் நிஜம், ஒன்றை ஒன்று கிளறிவிடுகிறது. சோர்வைக் கவனிக்காமல் கருவியை வைத்தால் பலன் குறையலாம். மூன்று மாதம் மாத்திரையும் டாக்டருடன் பேச்சும் நடந்தன. மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்த பிறகே முதல் மாத்திரையை விழுங்கினார். தூக்கம் கொஞ்சம் கூடியது.

பிறகு ஒரு வாரம் சோதனை. கம்பி உள்ளே, கருவி வெளியே பெல்ட்டில். மூன்றாம் நாளே தெருமுனைவரை நடந்தார். உடனே சந்தேகம் வந்துவிட்டது. மின்சாரம் ஓடுவது உடம்பில் சுள்ளென்று தெரியாத வகைக் கருவி அது. ஓடுகிறதா இல்லையா என்று யார் கண்டது? நர்ஸிடம் அனுமதி கேட்டுக்கொண்டு கருவியின் ரிமோட்டை மனைவி கையில் கொடுத்தார். "ஆன் பண்ணுவியோ ஆஃப் பண்ணுவியோ, எங்கிட்ட சொல்லாத."

ஐந்தாம் நாள் சாயங்காலம் காலுறை போடக் குனிய முடியவில்லை. ஆஃப் என்றார். ஆஃப்தான். ஆறாம் நாள் மத்தியானம் வலி பிடுங்கியது. மறுபடியும் ஆஃப் என்று அடித்துச் சொன்னார். மனைவி ரிமோட்டைக் காட்டினாள். காலையிலிருந்தே ஆனில் இருந்தது.

அவர் ரிமோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று காலைதான் லிஃப்ட் கம்பெனியிலிருந்து போன் வந்திருந்தது, இதுவரை காலியாக வைத்திருந்த அவருடைய இடத்துக்கு வேறு ஆளைப் போட்டாயிற்று என்று.

மனநல டாக்டரிடம் தானே போய்ச் சொன்னார். "ரெண்டு நாளும் ஒரே வலிதான் டாக்டர். நான் நடிக்கல."

"தெரியும். ரெண்டு நாளும் வலிச்சது நிஜம்தான்," என்றார் டாக்டர்.

கருவியை உள்ளே வைத்து எட்டு மாதம் ஆகிறது. வலி பாதிதான் குறைந்தது. பழைய வேலை போனாலும், அதே கம்பெனியில் இப்போது புகார் போன்களை எடுக்கும் மேசையில் உட்கார்கிறார். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறார். சில காலைகளில் எழுந்திருக்கப் பிடிப்பதில்லை. அப்போது மனைவியைக் கூப்பிட்டு, "இன்னைக்கு நல்லா இல்ல," என்கிறார். அவள் வந்து கட்டிலில் பக்கத்தில் உட்காருகிறாள்.