புருஷன் சட்டையில் ஒரு கவுன்

கூடலூரில் இருக்கும் என் தையல் கடைக்கு அந்தப் பெண் ஒரே ஒரு முறைதான் வந்தாள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒடிசலான உடம்பு. ஏலக்காய் பறித்துப் பறித்து நகமெல்லாம் கறுத்திருந்தது. குமுளிப் பக்கமிருந்து ஜீப் வரும் சத்தம் கேட்டால் போதும், பேச்சை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்ப்பாள்.

இடுப்பில் பெண் குழந்தை. கையில் ஆம்பளைச் சட்டைகள் இரண்டு.

"இதுல பாப்பாவுக்குக் கவுன் தச்சுக் குடுங்கக்கா. மாத்திப் போட வேற துணி இல்ல."

"வீட்டுக்காரரு சட்டையா? அவுக எதைப் போடுவாக?"

"மலைக்கு வேலைக்குப் போனாக. மழைக்கு முந்திப் போனவுக, இன்னும் வரல. போனும் போகமாட்டேங்குது. போலீஸ்லயும் சொல்லியாச்சு."

நான் கோடு போட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வெட்டுனத மறுபடி சட்டையாத் தைக்க முடியுமா?"

"அவுக வந்தா புதுசு எடுத்துக்கலாம் ஆத்தா."

"அப்ப வந்துருவாகளாக்கா?"

என் முகத்தையே பார்த்தவள், மெல்லக் கையை விட்டாள். நான் வெட்டினேன்.

கவுனைப் போட்டதும் குழந்தை சிரித்தது. அவள் அதை இழுத்து அணைத்து, அதன் நெஞ்சில் முகம் புதைத்தாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். துணியில் மிச்சமிருந்த புருஷன் வாசனையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவர் வந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.