பழவேற்காட்டு ஏரியில் நான் குதித்த கதை

பழவேற்காட்டு ஏரியில் ஒரு பெண் மூழ்கிக்கொண்டிருக்கிறார் என்று முழுமனதாக நம்பினேன். தீவு பார்க்க மனைவியோடு படகில் போகும்போது, தண்ணீருக்கு மேல் அவர் தலை மட்டும் தெரிந்தது. "பயப்படாதீங்கம்மா!" என்று கத்தினேன். பதில் இல்லை. படகுக்காரர் தடுப்பதற்குள் குதித்துவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது குதித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

குலதெய்வத்தில் தொடங்கி இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வரை எல்லாரையும் கூப்பிட்டேன்.

"அண்ணா, எய்ந்து நில்லுணா! இடுப்பளவு தண்ணிதான்!"

அந்தப் பெண்ணேதான். வந்து என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். நின்றேன். படகில் என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

அவர் குந்தி உட்கார்ந்து, சேற்றில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தாராம். இரண்டு கையும் வேலையில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையைப் பல்லால் கவ்வியிருப்பார்களாம். அந்தக் கூடை இப்போது கவிழ்ந்து மிதந்தது.

"ஐயோ, உங்க இறால்?"

"ஏரிலதான் கீது, எங்க போவப்போவுது? உனுக்கு இன்னா ஆச்சோன்னு பதறிட்டேன்ணா."

நான் யாரையும் காப்பாற்றவில்லை. என்னைக் கூப்பிட அவர் வாயைத் திறந்தார். காலையிலிருந்து பிடித்ததெல்லாம் ஏரிக்கே போய்விட்டது.