மெமரி மாட்டிய சத்தம்

மகளின் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனது. மெமரி போதாது என்றாள். உள்ளே இருந்த மெமரியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி, தல்லாகுளம் கடையில் காட்டி, அதே மாதிரியில் பெரிதாக ஒன்று வாங்கி வந்தேன்.

"கடைக்காரரையே மாட்டச் சொல்லும்மா. கெட்டுப்போனா வேற வாங்க முடியாது," என்றாள்.

மெமரியின் அடியில் இருக்கும் வெட்டு பொருந்தும் இடம் பார்த்து நானே வைத்து, இரண்டு ஓரத்தையும் அமுக்கினேன். டக்கென்று பூட்டிக்கொண்டது.

என் அம்மா பியூஸ் கட்டையை அமுக்கும்போதும் இதே சத்தம்தான். ஒட்டி ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் பியூஸ் போனால் கருகிய வாடை வரும். ஆண்கள் லைன்மேனுக்காக வாசலில் காத்திருப்பார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டில் பியூஸ் போய், அங்கே கைக்குழந்தை புழுக்கம் தாங்காமல் வீறிட்டது. அம்மா மெயினை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினாள்.

"பொம்பள ஏறுற இடமா இது?" என்றார் அப்பா.

"நீங்க ஏறலையே. ஸ்டூலப் புடிங்க."

பிடித்தார். அம்மா பியூஸ் கட்டையில் புதுக் கம்பி சுற்றி அமுக்கினாள். மெயினைப் போட்டதும் மின்விசிறி ஓடியது. அதன்பிறகு யார் வீட்டில் பியூஸ் போனாலும் அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். திரை வந்தது. மெமரி கூடியிருப்பதை மகள் பார்த்துவிட்டுத் தோழிக்குப் போன் செய்தாள்.

"கடையில இல்லடி. எங்கம்மாதான் மாட்டுச்சு."

உலை வைக்க நேரமாகிவிட்டது. இருந்தும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.