துணி வரும் வரை ஓர் ஆட்டம்

கட்டிங் டேபிளின் மேல் கேரம் போர்டைத் தூக்கி வைத்ததும் மாமா செய்த முதல் காரியம், அதன் கிழக்குப் பக்க மூலைகளுக்கு அடியில் கட்டிங் வேஸ்ட் துணியை மடித்துச் செருகியதுதான். அந்த மேஜைக்கு லேசாக ஒரு சாய்வு உண்டு. வருடக்கணக்காக அதில் துணி விரித்து வெட்டியவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. வெள்ளைக் காய் ஒன்று தானாக நகர்ந்து போனபோதுதான் தெரிந்தது. “பாரு கண்ணு, இத்தன நாளாக் கோணையாத்தான் வெட்டிருக்கறம், ஒருத்தனும் திருப்பி அனுப்புல” என்று மாமா சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். திங்கட்கிழமை, பட்டப்பகல், வேலை நேரம். மெஷின்கள் உறை போட்டபடி நிற்க, ஒரு பனியன் கம்பெனிக்குள் முதலாளியும் தொழிலாளிகளும் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம்.

மாமா என் அம்மாவின் அண்ணன். சேவூர்ப் பக்கம் காடு தோட்டம் பார்த்த குடும்பத்திலிருந்து முதன்முதலாகத் திருப்பூருக்கு வந்து மெஷின் போட்டவர். கம்பெனி என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு வரிசை மெஷின், அந்தக் கட்டிங் டேபிள், அவ்வளவுதான். பெரிய கம்பெனிக்காரர்கள் துணி அனுப்புவார்கள். வெட்டித் தைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தொழிலில் மாமா கெட்டிக்காரர். ஆனால் எதிரில் நிற்பவர் முகம் வாடுகிற மாதிரி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வராது. பெண் கேட்டு வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாமல், என் அம்மாவுக்கு ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் சம்பந்தம் பேச விட்டவர் என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அது அதுவரை சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போன டைலர்கள் திரும்பி வரும் வாரம் திருப்பூரில் ஒரு தினுசான வாரம். தெருவுக்குத் தெரு ‘ஆட்கள் தேவை’ அட்டை தொங்கும். காண்ட்ராக்டர்கள் லைன் வீடு லைன் வீடாக ஆள் பிடிக்க அலைவார்கள். அந்த வாரத்தில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு வருடம் ஓடிவிடும். விட்டவர்கள் அப்புறம் கேட் கேட்டாக நின்று கெஞ்ச வேண்டியதுதான். எங்கள் பக்கத்துச் சின்னக் கம்பெனிகளில் எழுதாத வழக்கம் ஒன்றும் இருந்தது. பொங்கல் கழித்துத் திறக்கும் அன்று மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, பொரிகடலை கொடுப்பார்கள். யார் கையால் அந்தப் பொரியை வாங்கித் தின்கிறோமோ அங்கேதான் அடுத்த பொங்கல் வரை. வாங்கிய கையோடு வேறு கம்பெனிக்குப் போவதை யாரும் மரியாதையாக நினைக்கவில்லை. மாமா அந்தத் திங்கட்கிழமையும் பொட்டு வைத்தார், தேங்காய் உடைத்தார், பொரி கொடுத்தார். ஆர்டர் நின்றுபோனதால் அந்த மெஷின்கள் எல்லாவற்றையும் அவர் பொங்கலுக்கு முன்பே விற்றுவிட்டிருந்தார் என்பது அத்தையைத் தவிர எங்கள் யாருக்கும் தெரியாது.

பொரி வாங்கியவர்களில் ஓவர்லாக் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் இருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் அக்கா உட்கார்ந்தால் ஊசி மூச்சு விடாது. திருநீறு மட்டும் வேண்டாம் என்று சொல்லிப் பொரியை இரண்டு கையிலும் வாங்கிக்கொள்வார். அவர் வீட்டுக்காரரை நாங்கள் அண்ணன் என்போம். பஞ்சுத் தூசி அவருடைய நெஞ்சில் இறங்கிவிட்டிருந்தது. இரைப்பு வந்தால் மெஷினை நிறுத்திவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மாமா அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இருமுகிற ஆளை வேறு எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது. கணவனும் மனைவியும் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும், அவருக்கு இரைத்தால் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுக்கிற தூரத்தில் தான் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அக்கா இந்த ஊரிடம் எதுவும் கேட்கவில்லை.

“டையிங்ல இருந்து துணி வரோணுமுங்க. வந்துருமுங்க. அதுவரைக்கும் ஒரு ஆட்டம் போடலாமுங்க” என்றார் மாமா. சாயப்பட்டறையில் துணி தாமதமாவது எங்கள் ஊரில் சூரியன் உதிக்கிற மாதிரி. யாரும் சந்தேகப்படவில்லை. காலையில் கேரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தாயக்கரம். டைலர் சாக்பீஸால் மேஜையிலேயே கட்டம் போட்டு, பட்டன்களைக் காயாக வைத்து ஆடினோம். அண்ணனுக்குச் சிவப்புப் பட்டன்தான் வேண்டும். அக்கா வெட்டு விழுந்தால் சின்னப் பிள்ளை மாதிரி அழிச்சாட்டியம் பண்ணுவார்; கட்டையைச் சரியாக உருட்டவில்லை, திரும்ப உருட்டு என்று மாமாவிடமே சண்டைக்குப் போவார். “அண்ணாச்சி, நீங்க முதலாளின்னா அது மெஷினுக்கு. தாயத்துக்கு இல்ல, பாத்துக்கிடுங்க” என்பார். மாமா சிரித்துக்கொண்டே தோற்றுப்போவார். நான் அப்போதுதான் கல்லூரி முடித்திருந்தேன். செக்கிங் வேலை பழகப் போனவள், ஒரு பீஸைக்கூடக் கையால் தொடாமல் கேரமில் ரெட் காயைப் போட்டு ஃபாலோ எடுக்கக் கற்றுக்கொண்டேன். அண்ணனுக்கு அந்த வாரம் இருமலே இல்லை. மெஷின் ஓடாததால் தூசி இல்லை, தூசி இல்லாததால் இருமல் இல்லை. ஆனால் அக்கா அதையும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

அத்தை மட்டும் ஆட வரவில்லை. டீயைக் கொண்டுவந்து வைப்பார், மாமாவின் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார், போய்விடுவார். மாமா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு காண்ட்ராக்டர் கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தினார். அக்காவின் கை வேகத்தைக் கேள்விப்பட்டு வந்தவர். “ஏனுங்கக்கா, உங்களுக்கு ஓவர்லாக். அண்ணனுக்குப் பேக்கிங்ல அடுக்கற வேல, அங்க தூசி வராதுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட்டு. இன்னைக்கே சொல்லிப்போட்டீங்கன்னா நாளைக்கு ஏறிக்கலாமுங்க” என்றார். அண்ணன் பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். போகலாம் என்று அவர் கண்ணில் எழுதியிருந்தது. அக்கா கட்டையை உருட்டிக்கொண்டே சொன்னார்: “பொரி வாங்கித் தின்ன வாய் இன்னும் ஈரம் காயல. இப்பப் போனா நல்லாவா இருக்கும்? அண்ணாச்சி மொகத்தப் பாருங்க. ஆர்டர் இல்லாத மனுஷன் இப்படிச் சிரிச்சிக்கிட்டு வெளாடுவாராங்கேன்?” காண்ட்ராக்டர் மாமாவைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை போதும். போங்க என்றால் போதும். மாமா வாயைத் திறந்தார். பிறகு, “துணி வந்துருமுங்க” என்றார். காண்ட்ராக்டர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மாமா மறைத்தது பூசணிக்காய் இல்லை, இரண்டு பேருடைய சோற்றையே மறைத்தார். சனிக்கிழமை ஆட்டுக்கறி எடுத்து எல்லாருக்கும் கட்டிங் டேபிளிலேயே இலை போட்டார். சாக்பீஸ் கோடு அழியக் கூடாது என்று அக்கா மறு கோடியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். பாதி ஆட்டம் மீதி இருந்தது, அவர் ஜெயிக்கிற நிலையில் இருந்தார். “திங்கக்கெழம துணி வந்தாலும் இத முடிச்சிட்டுத்தான் வெட்டணும்” என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை லாரி வந்தது. துணியோடு இல்லை, வெறும் லாரி. இறங்கிய ஆட்கள் நேராக உள்ளே வந்து மெஷின் தலைகளைக் கழற்றத் தொடங்கினார்கள். அக்காவுக்கு முதலில் புரியவில்லை. ரிப்பேருக்குப் போகிறது என்று நினைத்து, “ஏம்பா, அந்த ஓவர்லாக்குல ஒண்ணும் கோளாறில்லையே” என்று குறுக்கே போய் நின்றார். மாமா வீட்டுக்குள் இருந்தார். வெளியே வரவே இல்லை. அத்தைதான் வந்து சொன்னார். அக்கா தன் மெஷினில் கட்டியிருந்த கத்தரிக்கோலை அவிழ்த்துக்கொண்டார், அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மேஜையை லாரிக்காரர்கள் மூன்றாகக் கழற்றி ஏற்றினார்கள். “சொல்லுங்க, சொல்லுங்கன்னு தெனமும் சொன்னேன் கண்ணு. நாளைக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னே இருந்தாரு” என்று அத்தை என் தோளில் விழுந்து அழுதார்.

அக்கா அன்றைக்கே அந்தக் காண்ட்ராக்டரைத் தேடிப் போனார். ஆள் எடுத்தாகிவிட்டது. கேட் கேட்டாக நின்றார்கள்; அண்ணன் இருமுவதற்கும் வாட்ச்மேன் கதவைச் சாத்துவதற்கும் சரியாக இருந்தது. கடைசியில் அக்காவுக்கு மட்டும் ஓர் இடம் கிடைத்தது, பெண்கள் ஹாஸ்டலில் தங்குகிற வேலை. அண்ணன் ஊருக்குப் பஸ் ஏறினார். சில வருடங்கள் அப்படியே ஓடின. நான் இப்போது ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். ஒருநாள் எங்கள் கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஓவர்லாக் அக்கா. கண் மங்கிவிட்டதாம், மெஷினில் உட்கார விடுவதில்லையாம். அண்ணன் போன வருடம் ஊரில் இறந்துபோனார் என்றார். இரவெல்லாம் இரைத்திருக்கிறது. தண்ணீர் கொடுக்கக்கூட வீட்டில் ஆள் இல்லை. “அந்த வாரமே சொல்லியிருந்தா போயிருப்போம்ல தாயீ” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெறும் கணக்குக் கேட்பது போலத்தான் கேட்டார்.

மாமா இப்போது சேவூரில் இருக்கிறார். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அத்தைதான் எழுப்பி உட்கார வைக்க வேண்டும். நான் போகும்போதெல்லாம் அந்த வாரத்தைப் பற்றித்தான் பேசுவார். போன மாதம், இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனேன். அவரும் தெரிந்துகொள்ளட்டும், அக்கா மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்று ஆத்திரமாக இருந்தது. பஸ்ஸில் வார்த்தைகளைக்கூட அடுக்கிப் பார்த்தேன்.

கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் வாய் கோணச் சிரித்தார். “அந்த ஒரு வாரம் எல்லாரும் எத்தன சந்தோசமா இருந்தாங்க, இல்ல கண்ணு? அவங்களுக்கு அதாச்சும் நாஞ் செஞ்சனே.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அவங்க ரெண்டு பேரும் இப்பவும் ஒரே கம்பெனிலதான இருக்காங்க?” என்று கேட்டார்.

“ஆமாங்க மாமா” என்றேன்.