எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் எண்

சனிக்கிழமை காலை பத்து முப்பத்தைந்து. என் கையில் ஒரு சேஃப்டி பின். எதிரே ஆக்சஸ் பாயின்ட் என்ற புது வைஃபை பெட்டி. அதன் முதுகில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ரீசெட் ஓட்டை. குத்தினால் நான் செய்ததெல்லாம் அழிந்து, கடையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். குத்தலாமா?

பதினொரு மணிக்கு எனக்கு மாதிரி வகுப்பு. ஆன்லைனில் கணக்கு சொல்லித்தரும் வேலை. லேப்டாப்பில்தான் நடத்திக் காட்ட வேண்டும். மகள் பிறந்த பிறகு எனக்கு வந்த முதல் அழைப்பு இது.

தியாகதுருகத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் டிவியும் ஒன்றரை வயது மகளும் போட்டி போடுவார்கள். பின்னறைதான் அமைதி. ரூட்டர் சிக்னல் அங்கே எட்டாது. அதற்குத்தான் இந்தப் பெட்டி. கணவருக்குக் கல்வராயன் மலையில் வேலை. டவர் கிடைத்தால்தான் பேச்சு. ஆகவே வெள்ளிக்கிழமை நானே உட்கார்ந்தேன்.

வயரில்லாப் பெட்டியோடு பேச முதலில் வயர் வேண்டுமாம்! லேப்டாப்பின் வைஃபையை அணைத்து, கேபிளைச் செருகி, பெட்டியின் ஐ.பி. எண் வரிசையிலேயே லேப்டாப்புக்கும் ஓர் எண்ணை, வீட்டு விலாசம் மாதிரி, கையால் கொடுக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் பேசிக்கொள்ளும். கொடுத்தேன். நான்கு முறை சரிபார்த்தேன். அப்புறம்... கேபிளுக்கு மட்டும் போதுமா? எதற்கும் இருக்கட்டும் என்று வைஃபைக்கும் ஓர் எண் கொடுத்துவைத்தேன்.

பாஸ்வேர்டு போட்டு, பெட்டியைப் பின்னறையில் மாட்டினேன். போனில் நெட் பறந்தது. லேப்டாப்பிலும் பார்ப்பதற்குள் மகள் எழுந்துவிட்டாள்.

மறுநாள் லேப்டாப்பைத் திறந்தால் — வைஃபை இருக்கிறது, இன்டர்நெட் இல்லை.

மாமியார் எட்டிப் பார்த்தார். “நல்லா இருந்தத நோண்டிக்கினே இருந்தா அது இன்னாதான் பண்ணும்?”

குத்தவில்லை. சந்தேகப் பிராணியாக இருப்பதில் ஒரு லாபம் உண்டு — தப்பான காரியமும் தாமதமாகும். பெட்டியை வாங்கிய கடைக்கு போன் போட்டேன்.

“போன்ல நெட் வருதாங்க?” என்றார் கடைக்காரர்.

“வருதுண்ணா.”

“அப்ப பொட்டி மேல தப்பில்ல. லேப்டாப்புல வைஃபைக்கும் நம்பர் போட்டு வெச்சீங்களா?”

“எதுக்கும் இருக்கட்டும்னு...” என்று இழுத்தேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

“கேபிளுக்குத்தாங்க போடணும். வைஃபைக்கு ரூட்டரே நம்பர் குடுக்கும், அத இன்னாத்துக்குத் தொட்டீங்க? ரெண்டையும் ஆட்டோமேட்டிக்ல வுட்டுடுங்க. வேல முடிஞ்சா பழையபடி வெச்சிடணும்.”

வைத்தேன். பத்து ஐம்பத்திரண்டு. பதினொன்றுக்குப் பின்னங்கள் நடத்தினேன். வேலை கிடைத்தது.

திங்கட்கிழமை சான்றிதழ்களை ஸ்கேன் எடுக்கக் கள்ளக்குறிச்சி போனேன். மகள் மாமியாரிடம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நின்ற பெண்மணி என் தோளைத் தொட்டார்.

“இன்னாம்மா, தல சுத்துதா? ஆடிக்கினே நிக்கிற?”

குனிந்து பார்த்தேன். கையில் ஃபைல் மட்டும்தான். ஆனால் இடுப்பு ஒரு பக்கம் வளைந்து, இல்லாத பிள்ளையைத் தாங்கி ஆட்டிக்கொண்டிருந்தது.

இதைப் பழையபடி வைக்க எந்தக் கடைக்கு போன் போடுவது?