துலாரி ஓட்டாத வண்டி

துலாரிக்கு அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து வரத் தெரியாது. கல்யாணமான புதிதில் கணவன் ஹரிலால் காரை எடுத்தால், பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதிப்பாள். ஒரு நாள் அவன் வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியை அவள் மடியில் போட்டுவிட்டான். அதன் பிறகு திருப்பிக் கேட்கவே இல்லை.

கரீபியன் தீவான டிரினிடாடில், சகுவானஸ் ஊரிலிருந்து தலைநகரத்துக்கு ஆளேற்றிப்போகும் மாக்ஸி வேன் ஓட்டுகிறாள். பெண் டிரைவரைப் பார்த்து ஏறத் தயங்கியவர்கள் இப்போது அவள் வேனுக்காகக் காத்திருந்து ஏறுகிறார்கள். சத்தமாகச் சிரிப்பாள், சத்தமாகத் திட்டுவாள். வயது ஐம்பத்திரண்டு.

பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டால் டிரினிடாட்காரர்கள் எல்லாரையும் போல அவர்களும் கப்பலேறிப் பக்கத்துத் தீவான டொபேகோவுக்கு வருவார்கள். கண்ணாடி அடித்தளம் வைத்த படகில் உட்கார்ந்து காலுக்குக் கீழே பவளம் பார்ப்பார்கள், நண்டும் மாவு உருண்டையும் சாப்பிடுவார்கள், திரும்புவார்கள். இந்த வருஷம் பிள்ளைகள் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போக வேண்டும் என்று துலாரிக்கு ஆசை வந்துவிட்டது. அந்தத் தீவின் ஸ்பேசைடு கிராமத்துக்கு எதிரே கடலுக்குள், மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக, ஒரு வீட்டளவு மூளைப்பவளம் இருக்கிறதாம். மறுநாள் ஊர் திரும்ப வேண்டும். அதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும்.

கடலோரத்து டைவிங் கடைக்குள் நுழைந்ததுமே கேட்டாள்: “எனக்கு முன்ன பின்ன பழக்கமில்ல. நான் கீழ போக முடியுமா?”

உள்ளே இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். “குட் மார்னிங்,” என்றாள் நிதானமாக.

துலாரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “குட் மார்னிங், குட் மார்னிங்.”

“டிரினிடாடா? அதானே பார்த்தேன். வந்த கப்பலயும் நீங்கதான் பின்னால நின்னு தள்ளியிருப்பீங்க.”

அவள் பெயர் ஆல்தியா, நாற்பது வயதிருக்கும். நீந்தத் தெரியுமா, நெஞ்சு வலி உண்டா, காது வலி உண்டா என்று விசாரித்துவிட்டுச் சொன்னாள்: “முழுசாக் கத்துக்கணும்னா நாலஞ்சு நாள் ஆகும். ஒரே நாள்தான்னா என் கூடவே வரலாம். உங்க முதுகு சிலிண்டர என் கை விடாது. மூச்சை மட்டும் நிறுத்தாம விடுங்க. மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்.”

“திருப்பறது?”

“நான்தான்.”

“ஏத்தறது, இறக்கறது?”

“அதுவும் நான்தான் அக்கா.”

பின்னால் நின்ற ஹரிலால் விழுந்து விழுந்து சிரித்தான். “தங்கச்சி, உனக்கு விஷயம் தெரியாது. இவ விமானத்துலயே பைலட்டுக்கு வழி சொல்றவ. நீ மாட்டுன.”

“நீ வாய மூடிட்டுப் படகுல உக்காரு,” என்றாள் துலாரி.

கரையோரம் மார்பளவு தண்ணீரில் ஆல்தியா எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். மூக்கைப் பிடித்துக் காதடைப்பை விடுவிப்பது, முகக் கண்ணாடிக்குள் புகுந்த தண்ணீரை மூச்சால் ஊதித் தள்ளுவது. துலாரி சட்டென்று பிடித்துக்கொண்டாள். சிலிண்டரோடு சேர்த்து மாட்டிவிட்ட காற்றுச் சட்டையைத் தொட்டுக் காட்டி ஆல்தியா சொன்னாள்: “இந்தப் பொத்தானை அமுக்கினா சட்டை காத்து குடிச்சு உங்கள மேல தூக்கிடும். இது என் கையில மட்டும்தான்.”

அந்தப் பக்கத்துக் கடலில் நீரோட்டம் அதிகம். அதை எதிர்த்து யாரும் நீந்துவதில்லை. ஓரிடத்தில் இறங்கி, அது கொண்டுபோகிற வழியில் போய், வேறோரிடத்தில் ஏறுவார்கள். மேலே வருகிற நீர்க்குமிழிகளைப் பார்த்துக்கொண்டு படகு பின்தொடரும்.

இறங்கினார்கள். முதலில் நீலம், பிறகு விசிறி போல விரிந்த ஊதாப் பவளங்கள், தலைகீழாக மேய்கிற ஒரு கிளிமீன். துலாரி எதையும் சரியாகப் பார்க்கவில்லை. எதிரே பாறை ஒன்று வேகமாக வந்துகொண்டிருந்தது. முப்பது வருஷப் பழக்கம் அவளைக் கேட்காமலே வேலை செய்தது. கால் உதைத்தது. கை பொத்தானை அமுக்கியது.

உடல் விருட்டென்று மேலே எழும்பியது. அதற்குள் ஆல்தியாவின் கை சிலிண்டரை இறுக்கி, சட்டையின் காற்றைப் பிடுங்கிவிட்டது. இருவரும் மெதுவாக மேலே வந்தார்கள்.

வாய்க்குழாயை எடுத்துவிட்டு ஆல்தியா கேட்டாள்: “யார் கை அது?”

“பாறை வந்துச்சு!”

“உங்களுக்கு முன்னால நான் பார்த்தாச்சு. ரெண்டு ஆள் உயரம் எழும்பறதுக்குள்ள பிடிச்சுட்டேன். மூச்சை அடக்கிட்டு இப்படியே எகிறியிருந்தா நுரையீரல் கிழிஞ்சிருக்கும் அக்கா. உங்க வேன்ல ஒருத்தன் பின்னால இருந்து எட்டி ஸ்டியரிங்கப் பிடிச்சா என்ன செய்வீங்க?”

துலாரி யோசிக்கவே இல்லை. “நடு ரோட்டுல இறக்கி விட்டுருவேன்.”

“இங்க இறக்கி விட ரோடு இல்ல. ஏத்தி விடப் படகுதான் இருக்கு. என்ன செய்யட்டும்?”

படகு பக்கத்தில் வந்திருந்தது. ஹரிலால் எட்டிப் பார்த்தான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. “போதும்னா வந்துரு துலாரி. யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.”

அவன் கேலி செய்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் தண்ணீரில் ஆடியபடி யோசித்தாள். தெரியாத ஒருத்தியின் கையில் தன்னைக் கொடுப்பதற்குப் பெயர் என்ன, தைரியமா, அசட்டுத்தனமா? ஆனால் தினமும் காலையில் அவள் வேனில் ஏறிக் கண்ணை மூடித் தூங்குகிறவர்கள் அவளை என்ன தெரிந்து ஏறுகிறார்கள்? இந்தக் கேள்வி அவளுக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

“இன்னும் ஒரு தடவை,” என்றாள். “கையக் கட்டிக்கறேன்.”

“காலையும்.”

“காலையும்.”

மறுபடி இறங்கினார்கள். துலாரி இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். பாறைகள் வந்தன. ஒவ்வொன்றும் நெருங்கும்போது வலது கை துடித்தது, இடது கை விடவில்லை. ஆல்தியா ஒரு சிறு அசைவில் அவளைத் தூக்கி, பாறைக்கு மேலே கொண்டுபோய், மறுபுறம் இறக்கினாள். நாலைந்து பாறை தாண்டியபின் துடிப்பு குறைந்தது. தன் மூச்சின் சத்தம் காதில் விழுந்தது.

பிறகு அது வந்தது. பழுப்பு நிறத்தில், சுருக்கம் சுருக்கமாக, பெரிய கோயில் கோபுரத்தின் கும்பம் போல. அதன் மடிப்புகளில் சின்னச் சின்ன மீன்கள் நுழைவதும் வெளியே வருவதுமாக இருந்தன. துலாரி வாய் பிளக்கப் பார்த்து, குழாய் ஞாபகம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நீரோட்டம் நிற்கவில்லை. பார்த்து முடிப்பதற்குள் பவளம் காலுக்கடியில் நழுவியது. வேனாக இருந்தால் பிரேக் போட்டிருப்பாள், திருப்பியிருப்பாள். இப்போது ஒரு விரலை மட்டும் நீட்டிப் பின்பக்கம் காட்டினாள்.

ஆல்தியா தலையசைத்தாள், முடியாது. ஆனால் சிலிண்டரைப் பிடித்து அவளை அப்படியே திருப்பினாள்.

இப்போது துலாரியின் முகம் பவளத்தை நோக்கி இருந்தது. அது மெல்ல மெல்லச் சிறுத்து நீலத்துக்குள் போனது. முதுகுப் பக்கமாக அவள் போய்க்கொண்டிருந்தாள், எதிரே என்ன வருகிறது என்று தெரியாமல், அந்தப் பெண்ணின் கை இருக்கிறது என்பது மட்டும் தெரிந்து.