பாக்ஸுக்குள் அடைத்த பஞ்சு

இது நடந்தது. எனக்கே நடந்தது. இதுவரை கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் எச்சிலை விழுங்கிக்கொண்டு எழுந்து போனார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்பது பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அன்றிலிருந்து நான் மெத்தையில் படுப்பதில்லை, தலையணை வைப்பதில்லை. பஞ்சு என்று எதுவும் என் முகத்துக்குப் பக்கத்தில் வரக்கூடாது. அருப்புக்கோட்டையில் பிறந்தவனுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

நடு இராத்திரி, சுடுகாடு, கொலுசுச் சத்தம் எல்லாம் இதில் கிடையாது. 1992, பங்குனி மாதம், ஒரு சனிக்கிழமை. பட்டப்பகல். மதியம் இரண்டே காலுக்கு ஆரம்பித்து மூன்று இருபதுக்கு முடிந்தது. கையில் வாட்ச் கட்டியிருந்தேன்.

என் பெயர் பாலமணிகண்டன். வீட்டில் கன்னடம் பேசுகிற நெசவுக் குடும்பம். அப்பாவோடு தறியில் உட்காராமல், பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு இன்பராஜ் அண்ணனுடைய மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். குழுவில் எனக்குப் பட்டப்பெயர் சோப்பு. யார் குடித்த டம்ளரிலும் குடிக்க மாட்டேன். ஒருவர் பாடிய மைக்கைத் துடைக்காமல் தொட மாட்டேன். எச்சில், சளி, தலைமுடி, வியர்வை வாடை... எழுதும்போதே குமட்டுகிறது. அதற்காகவே தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும். தறியில் மிஞ்சிய நூலை வைத்து அப்பா எனக்கென்று நெய்து தந்தது. நீல இழையும் பச்சை இழையும் சேர்த்து முறுக்கிய நூல். அப்படி ஒரு துண்டு எந்தக் கடையிலும் கிடைக்காது.

அந்த வருடம் இன்பராஜ் அண்ணன் புதுக் கீபோர்டு ஒன்று வாங்கினார். அதில் இடது கையாலேயே பேஸ் வாசித்துவிடலாம். அப்புறம் நான் எதற்கு? அதுவரை என் கிட்டாரை மைக் செட்காரருடைய ஆம்ப்ளிஃபயரில்தான் சொருகுவேன். மேடைப் பேச்சுக்கு வைத்த சாமான் அது. அதில் பேஸ் வாசித்தால் தகர டப்பாவுக்குள் வண்டு சிக்கிய சத்தம்தான் வரும்.

"ஏலே மணி, பேஸுன்னா நெஞ்சுல வந்து முட்டணும்," என்றார் அண்ணன். "திருச்சுழிப் பக்கம் பங்குனிப் பொங்கக் கச்சேரி வருது. அதுக்குள்ள ஒரு வழி பண்ணு. இல்லைன்னா கீபோர்டே போதும், நீ தறிக்குப் போயிரு."

இருபத்து நாலு வயது எனக்கு. பேஸ் கிட்டாரை எடுத்துவிட்டால் என்னிடம் வேறு ஒன்றுமில்லை.

மதுரைக்குப் போய் ரெடிமேடு ஸ்பீக்கர் பாக்ஸ்களை எல்லாம் பார்த்து, விலை கட்டுப்படியாகாமல் திரும்பி வந்து வெள்ளத்துரை அண்ணனிடம் புலம்பினேன். அவர் ரேடியோ மெக்கானிக். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீட்டின் முன்னறையிலேயே கடை வைத்திருந்தார். தானே செய்து தருவதாகச் சொல்லி விவரமாக விளக்கினார். பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு போட்டால் சத்தம் வரும், நெஞ்சில் முட்டுகிற அடி வராது. பதினைந்து இஞ்ச் ஒன்றே போதும். அதற்கென்று தனியாக நூறு வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் செய்தால் ஸ்பீக்கர் இருநூறு தாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே கச்சேரியில் ஸ்பீக்கரின் முன்னால் இருக்கிற காகிதக் கோன் கிழியும். பாக்ஸைக் கனமான பிளைவுட்டில், ஒரு இடுக்குகூட இல்லாமல் மூட வேண்டும். கீழே மட்டும் கை நுழைகிற அகலத்தில் ஒரு குழாய் ஓட்டை.

அது எதற்கு என்று கேட்டேன்.

"பாக்ஸுக்கு மூச்சு வேணும்ல தம்பி. கோனு முன்ன பின்ன ஆடும்போது காத்து அது வழியாத்தான் வரும், போகும்."

உள்சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்ட வேண்டும், இல்லையென்றால் குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருக்கும் என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஞ்சைத் தவிர எல்லாம் தயார். பங்குனிப் பொங்கலுக்காகக் கடைகள் அடைப்பு. மில்லும் லீவு. பஞ்சு வியாபாரம் செய்கிற ஊரில் இரண்டு கிலோ பஞ்சு கிடைக்கவில்லை. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வேன். எங்கேயாவது பிடித்துத் தாருங்கள், என் பிழைப்பே போய்விடும் என்று அவர் வாசலில் நின்று ஒரு மணி நேரம் நச்சரித்தேன்.

 கடைசியில் அவர் திரையைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போனார். அந்தத் திரைக்குப் பின்னால்தான் அவருடைய அக்கா சௌந்தரம் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். இழுப்பு நோய். கொர்ர்ர்... என்று இழுத்து ஸ்ஸ்ஸ்... என்று விடுகிற சத்தம் கடை வரைக்கும் கேட்கும். தைலமும் மூத்திரமும் கலந்த வாடை வரும். அதனாலேயே அங்கே நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

அரை மணி நேரம் கழித்து ஒரு சாக்கோடு வந்தார். உள்ளே பஞ்சு. மஞ்சள் பாரித்து, கட்டி கட்டியாக. ஒரு நரைமுடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, சீக்கிரம் ஒட்டுங்கள் என்றேன். அவர் ஆணி அடித்த சத்தத்தில், உள்ளே இழுப்பு கேட்டதா இல்லையா என்பது என் நினைவில் இல்லை.

மறுநாள் ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமம். சுற்றிக் கருவேலங்காடு. கோயிலுக்கு எதிரே மேடை. குழுவில் எல்லோரும் ஒரு வீட்டில் கறிச்சாப்பாடு என்று கிளம்பிவிட்டார்கள். மைக் செட்காரரும் போய்விட்டார். ஊரார் இலையில் நான் உட்கார மாட்டேன். தூக்குச்சட்டியில் கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். தனியாக நின்றேன்.

2.15. பாக்ஸை மேடைப் பலகை மேல் வைக்கவில்லை, பலகை அதிரும். மேடைக்குப் பின்னால் இருந்த சுவரை ஒட்டித் தரையில் இறக்கினேன். தரையும் சுவரும் சேர்ந்தால் அடி கூடும். வயரை மாட்டி, ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, கிட்டாரின் தடித்த கம்பியைத் தட்டினேன்.

தூம்ம்ம்...

கோயில் தகரக் கொட்டகை நடுங்கியது. நெஞ்சில் வந்து முட்டியது. சத்தியமாக எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனி எந்த இடது கையும் என்னை அசைக்க முடியாது என்று நினைத்தேன்.

2.25. மறுபடி தட்டினேன். ஓட்டையிலிருந்து காற்று வந்து என் காலில் பட்டது. சுடுகாற்று. சரி, வெயில் நேரம். ஆனால் அதில் ஈரம் இருந்தது.

பின்னாலேயே வாடை வந்தது. தைலம். மூத்திரம். பல நாள் துலக்காத வாய். தயிர்சாதம் தொண்டை வரை ஏறி இறங்கியது. மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டேன்.

2.40. கம்பியைக் கையால் அமுக்கி நிறுத்தினேன். சத்தம் நின்றது. காற்று நிற்கவில்லை.

உள்ளே இழுத்தது.

வெளியே விட்டது.

ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். சிவப்பு விளக்கு போயிற்று. குனிந்து பார்த்தேன். கோன் மெதுவாக உள்ளே போனது... வெளியே வந்தது. வயரைப் பிடுங்கினேன். இப்போது அந்த பாக்ஸ் எதோடும் இணைந்திருக்கவில்லை.

கோன் உள்ளே போனது. வெளியே வந்தது.

கொர்ர்ர்... ஸ்ஸ்ஸ்...

2.55. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். எங்கே கேட்டது என்றும் தெரியும். அப்போதுதான் புரிந்தது. சௌந்தரம் செத்துப்போயிருக்கிறார். பிணம் கிடந்த மெத்தையைக் கிழித்து என் பாக்ஸில் அடைத்துவிட்டார் மனுஷன். பயத்தைவிட அசிங்கம்தான் எனக்கு முதலில் வந்தது. அந்தப் பஞ்சில் ஊறியதை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். சுவரோரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

3.10. திரும்பி வந்தேன். கையை ஓட்டைக்கு நேரே நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று தெரியாது. உள்ளங்கையில் எதுவோ தெறித்தது.

சளி.

ஒரு பஞ்சுத் துணுக்கு பறந்து வந்து என் உதட்டில் ஒட்டியது. எடுத்தேன். கூடவே நரைமுடி வந்தது. என் வாய்க்குள்ளிருந்து. இழுக்க இழுக்க வந்தது...

3.16. தெருமுனையில் இன்பராஜ் அண்ணன் குரல். சாப்பிட்டு முடித்து வருகிறார்கள். இந்த நாற்றத்தை அவர் முகர்ந்தால்? என் பாக்ஸும் போச்சு, நானும் போனேன்.

தோளிலிருந்து துண்டை எடுத்தேன்.

சுருட்டி ஓட்டைக்குள் திணித்தேன்.

உள்ளே பிளைவுட் இல்லை. மெத்தென்று இருந்தது. சூடாக, வழவழப்பாக. என் விரல்களை அது சப்பியது.

துண்டை வெளியே தள்ளியது. நான் அமுக்கினேன்.

தள்ளியது.

அமுக்கினேன். முழங்காலை ஊன்றி, முஷ்டியால்.

துண்டை எதுவோ கடித்தது...

விடவில்லை நான்.

கொர்...

கொ...

3.20.

நின்றுவிட்டது.

கச்சேரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டை அடைபட்டதில் சத்தம் இன்னும் கெட்டியாக வந்தது. வாடை துளிக்கூட இல்லை. முன்வரிசைச் சனம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கேட்டது. கீபோர்டுக்காரர் இடது கையைத் தொடையில் வைத்துக்கொண்டார். "இது போதும்லே," என்றார் இன்பராஜ் அண்ணன். "இனி நீதான்."

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பாக்ஸை வேனில் ஏற்றும்போது துண்டை உருவினேன். நனைந்து பிசுபிசுவென்று வந்தது. ஒரு முனையைக் காணோம். எலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைக் கருவேலங்காட்டில் எறிந்துவிட்டு, மண்ணைப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

எட்டே காலுக்கு வெள்ளத்துரை அண்ணன் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். பிணத்துப் பஞ்சை என் தலையில் கட்டிவிட்டீர்களே என்று கேட்க வேண்டும். வாசலில் பந்தல். பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். நினைத்தது சரிதான், வெள்ளிக்கிழமையே செத்ததை மறைத்திருக்கிறார் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா போயிருச்சு தம்பி. நேத்து மத்தியானம், மூணு இருபதுக்கு."

 அந்தப் பஞ்சு... என்று மட்டும் கேட்டேன்.

"அக்கா மெத்தைதான். நீ அந்தப் பாடு நின்னியே. கடை தொறந்ததும் புதுசு தச்சுரலாம்னு பாயில எறக்கிப் படுக்க வச்சேன்."

அவர் மனைவி முருகேஸ்வரி என்னைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டார். மெத்தை இல்லாத கட்டில் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தரையில் ஒரு பாய். அவர் தன் கணவருக்குக்கூடக் கேட்காத குரலில் பேசினார்.

"கஞ்சி குடிச்சிட்டு நல்லாத்தான் கெடந்தாக. திடீர்னு ரெண்டு கையையும் கொண்டு வாயைப் பிடுங்குனாக. யாரோ எதையோ வச்சுத் திணிக்கிற மாதிரி. நாலு நிமிசம் தம்பி. வாய்க்குள்ள கையை விட்டுப் பாத்தேன், ஒண்ணுமில்ல. இன்னைக்குக் குளுப்பாட்டும்போதுதான் பல்லு இடுக்குல இது இருந்துச்சு."

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். விரற்கடை நீளத்துக்குத் துணிக்கிழிசல். எச்சில் காய்ந்து விறைத்திருந்தது.

"நீங்க நெசவுக்காரவுகதானே. இது என்ன நூலு, எங்க உள்ளதுன்னு பாத்துச் சொல்லுங்க."

கையில் வாங்கிப் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நீல இழையும் பச்சை இழையும் சேர்த்து முறுக்கிய நூல்.

"தெரியல மதினி," என்றேன். "இது எங்க பக்கத்து நூலு இல்ல."

ஊரார் எச்சிலைப் பார்த்து முகம் சுளித்தே வளர்ந்தவன் நான். அதைவிட அசிங்கமான ஒன்றை அன்றைக்கு என்னிடமே பார்த்தேன். ஏனென்றால் அடுத்த வெள்ளிக்கிழமை பந்தல்குடியில் கச்சேரி இருந்தது. வேறு பாக்ஸ் செய்ய நேரமில்லை. அதையேதான் கொண்டுபோனேன்.